அக்கரையில் நின்று பெண் பார்த்தார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் லேசாகத் தூறல் போட்டதும், நம் நடைக்குழுவில் யார் யார் என்னென்ன சாக்குச் சொன்னீர்கள் என்று எனக்கு மறக்கவில்லை. "ஆத்தங்கரை சகதியா கெடக்கும் லா." "முட்டி ஒத்துக்காது." "எம்புள்ள திட்டுவான்." கடைசியில் ஆற்றங்கரை நடையை ரத்து செய்துவிட்டு எல்லோரும் லோபாக் பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் தின்னப் போனீர்கள். அதற்கு மட்டும் எந்த முட்டியும் வலிக்கவில்லை. நான் வாட்ஸ்அப்பில் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டேன். எதற்குச் சிரித்தாய், எழுது என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று அப்புறம் குறை சொல்லக் கூடாது.

நாம் எல்லோரும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள்தான். மழை என்றால் வீட்டுக்குள் பதுங்க வேண்டும் என்று நமக்கு எப்போது தோன்ற ஆரம்பித்ததோ தெரியவில்லை. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டியே ஒன்றுகூடி, வெள்ளம் ஓடுகிற ஆற்றங்கரையில், கொட்டுகிற மழையில், பட்டு வேட்டியும் பலகாரமுமாக நடந்து போனது. என் அத்தைக்கு எப்படியாவது ஒரு கல்யாணம் ஆக வேண்டும் என்பதற்காக.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்களோடு லயத்து வரிசை வீட்டில் இருந்தாள், பட்டையைச் சீவிப் பால்மரம் வெட்டினாள். வேலையில் கெட்டிக்காரி, பார்க்கவும் லட்சணமாக இருப்பாள். வயது இருபத்தாறு. அந்தக் காலத்துத் தோட்டக் கணக்கில் அது ரொம்ப அதிகம். அவளுக்கு இருந்த ஒரே குறை அவள் குரல் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

முரட்டுக் குரல் இல்லை. தெளிவான குரல். ஆனால் வாயை விட்டுப் புறப்பட்டால் நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். ரப்பர் காட்டில் பால் சேகரிக்கும் நேரம் வந்ததும் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அத்தையிடம் வந்து, "சொல்லும்மா" என்பார். அத்தை வாயருகே கையை வைத்து "பாலெடுக்கலாம்" என்று ஒரு குரல் கொடுப்பாள். மூன்றாவது குன்றுக்கு அப்பால் இருப்பவர்களும் வாளியைத் தூக்குவார்கள். நேரம் அறிவிக்க ஆபீஸ் வாசலில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை யாரும் அடிப்பதே இல்லை. அதில் குளவி கூடு கட்டியிருந்தது. தோட்டம் முழுக்க அந்தக் குரலை வைத்துத்தான் பிழைத்தது. ஆனால் கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் அதே ஆட்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

முதலில் சிரம்பான் பக்கமிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. அத்தை தலையைக் குனிந்து காப்பி கொடுத்தாள். கேட்டதற்கு மட்டும் முணுமுணுவென்று பதில் சொன்னாள். எல்லாம் கூடி வந்த நேரத்தில், வாசலில் காய வைத்திருந்த வடகத்தில் பக்கத்து வீட்டு ஆடு வாயை வைத்தது. அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். "ஏய்! ஆடு!" என்று ஒரே ஒரு சத்தம்தான். ஆடு போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா காப்பியை மடியில் கொட்டிக்கொண்டார். போகும்போது என் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணு தங்கமான பொண்ணுங்க. ஆனா நம்ம வீடு ரொம்பச் சின்ன வீடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஆடு விஷயம் எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது.

அந்த ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் மரம் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் கூலியும் கிடையாது. ஆண்களும் பெண்களும் லயத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா இருக்கிறவர்களுக்கு ஒரு வேலை வேண்டுமே. அத்தையை மெதுவாகப் பேச வைப்பது என்று கோயில் கமிட்டி தீர்மானம் போட்டது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கூட்டம் போட்டுப் பேசினார்கள். எங்கள் தோட்டத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் கோயில் தலைவர் அதைத் தன் சொந்தக் கல்யாணமாக எடுத்துக்கொள்வார்.

தலைவர் சொன்ன வைத்தியம் கல்கண்டு. வாயில் பெரிய கல்கண்டை ஒதுக்கிக்கொண்டால் வாயை அகலமாகத் திறக்க முடியாது, சத்தம் தானாகக் குறையும் என்றார். அம்மா லுக்குட் டவுன் கடையிலிருந்து கல்கண்டு வாங்கி வந்தாள். பாதியை நான் தின்றேன். அந்த மழைக்காலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது ஈரச் சாக்கின் வாடையும் வாயில் கரைகிற கல்கண்டும்தான்.

கிராணி சொன்ன வைத்தியம் வேறு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். மெதுவாகப் பேசுவதற்கு அவரே நல்ல முன்மாதிரி என்று அத்தையைச் சாயங்காலம் அவர் வீட்டு வராந்தாவுக்கு அனுப்பினார்கள். துணைக்கு நானும் போனேன்.

"பிள்ளை, காத்து மெல்ல வாற மாதிரிக் கதைக்கவேணும்" என்பார் கிராணி.

"என்னாங்கய்யா? கேக்கல!" என்பாள் அத்தை. உள்ளே அவர் மனைவி கையிலிருந்து ஏதாவது கீழே விழும்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தாள். ஆனால் ஒருநாள் மத்தியானம், மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தபோது, பால் வெட்டும் உளியைத் தீட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"நான் பேசுனா அவ்ளோ மோசமாவா இருக்கு?"

"எங்க இருந்தாலும் கேக்குது அத்தை" என்றேன்.

"அதான்டி வெனையே" என்றாள். அவளுக்குக் கல்யாணம் வேண்டும். தனக்கென்று ஒரு வீடு, ஓர் அடுப்பு, அண்ணி எடுத்து வைக்காமல் தானே எடுத்து வைக்கிற சோறு, இதெல்லாம் வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாத காலம் அது. அவளும் சொல்லவில்லை.

மார்கழி பிறக்கச் சில நாள் இருக்கும்போது தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். மாப்பிள்ளைக்கு மெசின் கொட்டகையில் ரப்பர் பாலைத் தகடாக உருட்டும் மெசினில் வேலை.

"வாயே தொறக்காத மனுசன்" என்றார் தரகர். "எதக் கேட்டாலும் சிரிப்பாரு. பேச்செல்லாம் அவங்க அம்மாதான். அமைதின்னா அப்படி ஒரு அமைதி."

"நம்ம பொண்ணும் அமைதிதான்" என்றார் தலைவர் கூசாமல்.

ஒரே சிக்கல் நாள். மார்கழியில் பெண் பார்க்க மாட்டார்கள், நல்ல காரியம் எதுவும் பேசவும் மாட்டார்கள். தை பிறந்ததும் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் அவசரம். கார்த்திகைக் கடைசி நாளன்று காலை நல்ல நேரத்தில் வந்து பார்ப்பார்கள். அன்றைக்குத் தவறினால் வேறொரு தோட்டத்தில் வேறொரு பெண் தயாராக இருக்கிறாள். இதைத் தரகர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"நீ வாயத் தொறக்கவே கூடாது" என்று அப்பா அத்தையிடம் சொன்னார். "ஆடு இல்ல, ஆனையே வந்தாலும் தொறக்கக் கூடாது."

அந்தக் காலையில் மழை வலுத்தது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கம்பிப் பாலம் உண்டு. மாப்பிள்ளை வீட்டாரைப் பாலத்திலேயே எதிர்கொண்டு அழைத்து வரலாம் என்று அப்பாவும் தலைவரும் தரகரும் குடையோடு போனார்கள். கொஞ்ச நேரத்தில் தரகர் மூச்சு வாங்க ஓடி வந்தார். பாலத்தைக் காணோம். ராத்திரி வெள்ளம் கொண்டு போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கரையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். லுக்குட் சுற்றி வரலாம் என்றால் அந்தச் சாலையும் தண்ணீருக்குள். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது.

"பொண்ண அங்கயே கூட்டியாரச் சொல்றாரு தலைவரு" என்றார் தரகர். "அவங்க அங்க நிக்கட்டும். நாம இங்க நிப்போம். பாக்குறதுதான, எங்க இருந்து பாத்தா என்ன?"

அம்மா அத்தையின் பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, மேலே ஒரு நெகிழித் தாளைப் போர்த்திவிட்டாள். காலில் மரம் வெட்டப் போகிற கேன்வாஸ் சப்பாத்து. பலகாரத்தை என்ன செய்வது? கிராணி வீட்டில் இரவல் வாங்கிய, நீலப் பூப் போட்ட பெரிய எனாமல் பேசனில் முறுக்கும் அதிரசமும் இருந்தன. மூடி போட்டுத் துணியால் இறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டாள். இரவல் பாத்திரத்தைக் கண்காணிக்கக் கிராணியும் வந்தார், தன்னுடைய பெரிய கறுப்புக் குடையோடு. அந்தக் குடைக்குக் கீழே அவர் வேறு யாரையும் விடவில்லை. கமிட்டிக்காரர்களும் ஆளுக்கொரு வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள்.

பாலம் இருந்த இடத்தில் ஆறு அகலம். தண்ணீர் பால் டீ நிறத்தில், கிளையும் கட்டையுமாக இரைந்துகொண்டு போனது. அந்தக் கரையில் ஐந்தாறு குடைகள் தெரிந்தன, முகம் எதுவும் தெரியவில்லை. மேலே போனால் பம்பு கொட்டகை இருக்கிறது, அங்கே ஆறு குறுகி வளையும், முகம் பார்க்கலாம் என்று தலைவர் சொன்னார். பலகாரத்தைத் தலைவர்தான் சுமப்பது மரியாதை என்று பேசனை வாங்கிக்கொண்டார்.

இந்த யோசனையை அக்கரைக்கு எப்படிச் சொல்வது? அப்பா கத்தினார். தலைவர் கத்தினார். கமிட்டியே சேர்ந்து கத்தியது. ஆற்று இரைச்சலில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. அப்பா குடையை மடக்கி, மேலே மேலே என்று ஆட்டிக் காட்டினார். அந்தப் பக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, குடைகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பின. போங்கள் என்று விரட்டுவதாக நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. தோட்டத்துப் பாதையில் நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பா இன்னும் வேகமாகக் குடையை ஆட்டினார். அவர்களும் இன்னும் வேகமாக நடந்தார்கள்.

நான் அத்தையின் கையைப் பிடித்திருந்தேன். அத்தை அப்பாவைப் பார்த்தாள். போகிற குடைகளைப் பார்த்தாள். வாயிலிருந்த கல்கண்டைத் துப்பினாள்.

"நில்லுங்க! போகாதீங்க! மேல வாங்க! பம்பு கொட்டகைகிட்ட வாங்க!"

குடைகள் நின்றன. மரத்திலிருந்த கொக்கெல்லாம் கிளம்பிப் பறந்தன. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே ஒரு வேர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு" என்றார். "எல்லாம் போச்சு."

ஆனால் அந்தக் கரையில் ஒரு குடை மட்டும் முதலில் திரும்பி, மேல்பக்கமாக நடக்க ஆரம்பித்தது. மற்றவை அதன் பின்னால் போயின. வேறு வழியில்லாமல் நாங்களும் எங்கள் கரையில் நடந்தோம். அவர்கள் அங்கே, நாங்கள் இங்கே, நடுவில் வெள்ளம். அவர்கள் வழுக்கினால் நாங்கள் 'ஐயோ' என்போம், நாங்கள் வழுக்கினால் அவர்கள் நின்று பார்ப்பார்கள். அட்டை எங்கள் எல்லோர் காலிலும் ஏறியது. அம்மா சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வந்திருந்தாள், நடந்துகொண்டே எல்லோருக்கும் தடவினாள். கிராணி மட்டும் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகியிருந்தார். அதில் அவருக்கு ஒரே பெருமை.

பம்பு கொட்டகைக்கு வந்ததும் முகங்கள் தெரிந்தன. மாப்பிள்ளை உயரமாக, கொஞ்சம் கூன் போட்டு நின்றார். பக்கத்தில் அவர் அம்மா. ஆறு குறுகினால் இரைச்சல் கூடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது, ஒரு சொல்கூட வரவில்லை.

தலைவர் அத்தையைப் பார்த்தார். எல்லோரும் அத்தையைப் பார்த்தோம்.

"அதான் கேட்டுட்டாங்கல்ல" என்றார் தலைவர் அசடு வழிய. "இனிமே நீயே சொல்லிரும்மா."

பெண் வீட்டார் பேச்சு முறையாக இருக்க வேண்டும் என்று கிராணி முன்னால் வந்தார். அத்தையின் காதருகே குனிந்து, "எங்கட பிள்ளை மிகவும் அடக்கமானவள், நல்ல குணசாலி எண்டு சொல்லுங்கோ" என்றார்.

அத்தை கையை வாயருகே வைத்தாள்.

"பொண்ணு ரொம்ப அடக்கமானவளாம்! நல்ல குணமாம்! கிராணி ஐயா சொல்லச் சொல்றாரு!"

அக்கரையில் மாப்பிள்ளையின் அம்மா மகன் காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னாள். மாப்பிள்ளை பேசினார். அவர் குரலும் சின்னக் குரல் இல்லை. வாயே திறக்காத மனிதர் என்று சொன்ன தரகரை அம்மா முறைத்தாள்.

"எங்கம்மா கேக்குறாங்க! சமைக்கத் தெரியுமான்னு!"

"பலகாரம் நாந்தான் செஞ்சேன்! கொண்டாந்திருக்கோம்!"

அத்தை தலைவர் கையிலிருந்த பேசனைக் காட்டினாள். தலைவர் அதை அக்கரைக்குத் தெரியும்படி இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். அந்த நேரம் பார்த்து அவர் கழுத்தில் ஒரு அட்டை கடித்தது. தலைவர் துள்ளினார். பேசன் கரையில் உருண்டு தண்ணீருக்குள் விழுந்தது. "என்ர மனுசி கொல்லுவா!" என்று கிராணி குடையைக் கீழே போட்டார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

துணி கட்டியிருந்ததால் பேசன் மூழ்கவில்லை. சுற்றிச் சுற்றி மிதந்தது. வளைவில் தண்ணீர் அந்தக் கரையைத்தான் முட்டிக்கொண்டு போகும். பேசனும் போனது. மாப்பிள்ளை சறுக்கிக்கொண்டே கீழே இறங்கி, ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, குடைக் கம்பின் வளைவை நீட்டி, கட்டியிருந்த முடிச்சில் மாட்டி இழுத்துவிட்டார். இரண்டு கரையிலும் கைதட்டினார்கள்.

மாப்பிள்ளை முழங்கால் வரை சேற்றோடு, பேசனைக் கட்டிப் பிடித்தபடி நிமிர்ந்தார். அத்தையைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க பேசுறது நல்லாக் கேக்குது!"

அத்தையின் முகம் வாடிவிட்டது. அவர் கேலி செய்கிறார் என்று அவள் நினைத்தாள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். அதற்குள் மழை திரை போட்டதுபோல் இறங்கியது. குடைகள் மறைந்துவிட்டன.

திரும்பும் வழியெல்லாம் பேசன் போன கவலையில் கிராணி பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்தார். மறுநாள் மார்கழி பிறந்தது. மார்கழியில் யாரும் கல்யாணச் சேதி சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சேதி வராத ஒவ்வொரு நாளும் அப்பாவுக்கு அது 'வேண்டாம்' என்று சொன்னதாகவே பட்டது. வேறு இடம் பார்த்திருப்பார்கள் என்று தலைவரும் சொன்னார்.

அத்தை பேசுவதை நிறுத்திக்கொண்டாள். கோபத்தில் இல்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். மழை விட்டு வேலைக்குப் போனபோது மண்டோர் வந்து "சொல்லும்மா" என்றாராம், அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டுத் தண்டவாளத்தை அடித்தார்கள். ஆசைப்பட்டபடி அத்தை அமைதியாகிவிட்டாள், ஆனால் கல்கண்டு கொடுத்தவர்களில் ஒருவருக்கும் அதில் சந்தோஷம் இல்லை. எனக்கு வீட்டில் யாரோ செத்துவிட்டதுபோல் இருந்தது.

தை பிறந்தது. பொங்கல் பானை சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்த மறுநாள், நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பாதையில் உயரமாக ஒருவர் வந்தார், பக்கத்தில் ஒரு அம்மா, பின்னால் நான்கைந்து பேர். அந்த அம்மாவின் இடுப்பில் நீலப் பூப் போட்ட எனாமல் பேசன். அதில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு மஞ்சள் சேலை.

அப்பா திகைத்துப்போய்ப் பாயை விரித்தார். அந்த அம்மா உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் கேட்காமல் சொன்னாள்.

"மறைச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்லீங்க, ஆனா ஒண்ண மறைச்சுட்டோம். எம்மவனுக்குக் காது மந்தம். மெசின் கொட்டகையில நின்னு நின்னு அப்படி ஆயிருச்சு. யாரு என்ன சொன்னாலும் 'என்னம்மா சொல்றாங்க'ன்னு என்னத்தான் திரும்பிப் பாப்பான். இல்லாட்டி சும்மா சிரிப்பான். அன்னைக்கு ஆத்துல உங்க தங்கச்சி அவ்ளோ பேசிச்சு. ஒரு தடவகூட அவன் என்னத் திரும்பிப் பாக்கல."

அப்பா அவளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். "நாங்களும் ஒண்ண மறைச்சுட்டோம்மா" என்றார்.

"அதத்தான் ஆத்தங்கரையிலேயே கேட்டமே" என்றாள் அவள்.

கதவுக்குப் பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மாப்பிள்ளையை நேராகப் பார்த்து, ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த குரலில், "காப்பிக்குச் சீனி எவ்ளோ போடணும்?" என்றாள்.

"ரெண்டு கரண்டி!" என்றார் மாப்பிள்ளை. முழு லயத்துக்கும் கேட்டது.

அத்தையும் மாமாவும் இப்போது லுக்குட்டில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். போன மாதம் பார்க்கப் போனேன். மாமாவுக்கு மகன் நல்ல விலையில் காது மெசின் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அது வந்ததிலிருந்து வீட்டில் அத்தைக்கு மறுபடியும் பழைய தொல்லை.

அன்றைக்கு அத்தை அடுப்படியிலிருந்து பக்கத்துக் கடைக்காரர் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பேத்தி ஓடி வந்தாள். "பாட்டி, சத்தமா பேசாதீங்க லா! தாத்தா மெசின் போட்டிருக்காரு, மெதுவாப் பேசினாலே கேக்கும்!"

அத்தை சட்டென்று நிறுத்திவிட்டாள். அந்த மார்கழி முகம் எனக்கு ஒரு நிமிடம் தெரிந்தது.

மாமா கையைத் தூக்கி, காதிலிருந்த மெசினைக் கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ம், சொல்லு" என்றார்.